கற்பூரத் தட்டு

புதன்கிழமை, ஆயுத பூசை.

ஆண்டுதோறும் இயந்திரங்களுக்கு மேலாளரே கற்பூரம் காட்டுவார். இன்று தட்டை வெல்டிங் பிரிவுத் தொழிலாளியிடம் நீட்டி, "செல்வி, உன் மிஷினுக்கு நீயே காட்டும்மா" என்றார். அவள் அழுதுவிட்டாள். ஆலையே கைதட்டியது.

சங்கத் தலைவனாக ஒரகடம் ஆலை வாயிலில் தொண்டை கிழிய முழங்கி நான் பெற்றுத்தந்த ஊதிய உயர்வுக்கு இத்தகைய கைதட்டல் எழவில்லை. ஏன் என்று செல்வியிடமே கேட்டேன்.

"துட்டு வந்துச்சு தலைவரே, வூட்டு வாடகையிலயே பூடுச்சு. அவரு எம்பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. உங்களுக்கு நாங்க எல்லாருமே 'தோழர்களே'தான?" என்று சிரித்தாள்.

ஒரு துண்டுக் கற்பூரத்தால் என் ஓராண்டுப் போராட்டத்தை அம்மனிதர் அணைத்துவிட்டார். பொறாமை என்று எழுதவே கை கூசுகிறது.

வெள்ளியன்று வாயிற்கூட்டம். செல்வியைப் பெயர் சொல்லி அழைத்து முதலில் பேசவைக்க வேண்டும். ஒலிவாங்கியை அவளிடம் கொடுப்பதை நினைத்தால் இப்போதே உள்ளங்கை எரிகிறது.