இருபத்துநான்கு அடி இடம்

அன்புள்ள லொரேனுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி? பிள்ளைகள் இருவருக்கும் இருமல் நின்றதா? இங்கே வட டகோட்டாவில் எண்ணெய்க் கிணறே என் தோளில்தான் நிற்கிறது. என்னைக் கேட்காமல் முதலாளி ஒரு குழாயைத் திருக மாட்டார்.

செப்டம்பரில் போகலாம் என்று சொன்னேனே, அந்தப் பழைய கோட்டைப் பூங்காவில் ராத்தங்க இடம் பிடித்துவிட்டேன். முன்பதிவு திறந்த நிமிடமே ஆயிரம் பேரை முந்தினேன். நீள வண்டிக்கு இடமில்லை என்று கணினி முரண்டு பிடித்ததால், படுக்கையும் அடுப்பும் உள்ள நம் வீட்டு வண்டி இருபத்துநான்கு அடி நீளம் என்று போட்டேன். நேற்று பூங்காக்காரி போன் செய்தாள்.

"உண்மையிலே எத்தனை அடி சார்?"

"முப்பத்தஞ்சு. ஆனா நான் ஊசிக் காதுலயே ஓட்டிருவேன்மா."

"நீங்க ஓட்டுவீங்க, நூறு வருஷத்து ஓக் மரம் நகராதே! கூடாரம் கொண்டாங்க, இல்லேன்னா ரத்து பண்ணுங்க."

கூடாரம் வாங்கிவிட்டேன். உங்களுக்காக வாங்கிய வண்டியில் மூன்று வருடமாக நான் மட்டும் குடியிருக்கிறேன். பிள்ளைகள் அதில் ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை. அவர்களின் படுக்கைப் பைகளையும் என் காப்பிக் கெட்டிலையும் எடுத்து வை. போன வருடம் போல உன் அண்ணன் வண்டியில் ஏரிக்குப் போய்விடாதே. இதற்கு முன் போட்ட என் இரண்டு கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. நீங்கள் வராவிட்டாலும் பதிவில் நான்கு பேர் என்றே இருக்கட்டும். குறைத்தால் அந்தப் பூங்காக்காரி காரணம் கேட்பாள்.

உன் புருஷன்,
வெர்லின்