இளம் ஊதாவில் உடைந்த கிரீடம்

மார்ச் 3

டேய் சித்தப்பா,

மொதல்ல ஒரு நல்ல சேதி, அப்புறம் ஒரு குடைச்சல்.

எங்க ஆபீஸ்ல வர்ற ஸ்டாம்ப் ஏலத்துக்கு அடிக்கற கேட்டலாக் இருக்குல்ல, அதோட அட்டைப் படத்துக்குப் போற ஸ்டாம்புக்கு விவரம் எழுதற வேலைய முதலாளி எனக்குக் குடுத்திருக்கார். எனக்குடா! காலேஜுக்குப் பாதியில கும்பிடு போட்டுட்டு வந்தவளுக்கு! நெத்தி மேல கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு மேஜையெல்லாம் கண்ணாடி தேடற மனுஷன், "உன் கண்ணு நல்ல கண்ணும்மா, நீயே எழுது"ன்னார். அப்பாகிட்ட சொல்லிடாத. அவர் என்கிட்ட பேச ஆரம்பிச்சா நானே சொல்லிக்கறேன். இப்போதைக்கு நம்ம குடும்பத்துல என்கிட்ட வாயத் திறக்கற ஒரே ஜீவன் நீதான். உன்ன 'டேய்'னு கூப்பிட்டா அப்பாவுக்குக் கோவம் வரும். ஆறு வயசு பெரியவன, ஒரே சைக்கிள்ல இருந்து என்னோட சேர்ந்து விழுந்து முட்டியப் பேத்துக்கிட்டவன, எப்படி வாங்க போங்கன்னு கூப்பிடறது?

இப்ப குடைச்சல். ஸ்டாம்ப கொண்டு வந்தது ஒரு பல் டாக்டரம்மா. "ஸ்டாம்போட ஓரத்துல எத்தனை பல்லுன்னு நானே எண்ணிட்டேம்மா, ஒண்ணு கூட விழல"ன்னு சிரிக்கறாங்க. ஏதோ ஒரு தீவ வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துல அடிச்ச ராஜா தலை. தலைக்கு மேல கிரீடம். அச்சுத் தகட்டுல எப்பவோ ஒரு அடி விழுந்து, ஒரு ஷீட்டுக்கு ஒரே ஒரு ஸ்டாம்புல மட்டும் கிரீடத்தோட இடது நுனி உடைஞ்சு விழும். 'உடைந்த கிரீடம்'னா நம்ம ஆளுங்க நாக்கத் தொங்கப் போட்டுட்டு வருவாங்க, உனக்குத் தெரியாததா. இவங்க கொண்டு வந்தது அந்த ரகம்தான்.

ஆனா கலர் உதைக்குதுடா. தகட்டுல அடி விழறதுக்கு முன்னாடி அச்சடிச்சதெல்லாம் இளம் ஊதா. அடிபட்டதுக்கு அப்புறம் வந்தது செவ்வூதா. இது பட்டப் பகல்ல ஜன்னல் ஓரமா வெச்சுப் பாத்தாலும் இளம் ஊதாவாவே நிக்குது. அடி விழறதுக்கு முன்னாடியே எப்படி காயம் வரும்?

நீ என்ன நெனைக்கற? இந்த மாசக் கடைசியில அச்சுக்குப் போகுது. போன்ல எதக் கேட்டாலும் சிரிச்சே மழுப்பிடுவ, அதான் எழுதறேன். சீக்கிரம் பதில் போடு.

வாயாடி


மார்ச் 8

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்தபோது அடுப்புக்குப் பக்கத்தில் மேஜையைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கூரை ஒழுகுகிறது, வீட்டுக்காரரிடம் சொன்னால், "மழை நின்றால் ஒழுகாது, தம்பி" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் இருமல் எப்படி இருக்கிறது என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கமாட்டாய் என்று தெரியும், ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

முதலில் உனக்கு ஒரு சபாஷ். அட்டைப் படம்! உன் அப்பா, அதாவது என் கல் மனசு அண்ணன், போன வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது உன் தட்டு எங்கே என்று கேட்டுவிட்டு, பிறகு ஒன்றும் கேட்காதவர்போல இருந்துவிட்டாராம். அண்ணி சொன்னார்கள். பனி உருகுகிறது, பொறு.

என் பக்கத்துச் செய்தியும் நல்லதுதான். அருங்காட்சியகத்தில் பழைய காகிதங்களைச் செப்பனிடும் வேலைக்கு என்னை எடுத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. என்னைப் பற்றி உன் முதலாளி ஒரு பரிந்துரை எழுதித் தந்தால் போதும். தருவதாகச் சொல்லியிருக்கிறார். இனி யாருடைய கிழிந்த ஸ்டாம்புக்கும் பல் ஒட்டிக்கொண்டு வாடகை அறையில் உட்கார வேண்டாம். மாதச் சம்பளம், மின்விசிறி, காலர் வைத்த சட்டை. என்னை நீ 'சார்' என்று கூப்பிட வேண்டியிருக்கும்.

உன் குடைச்சலுக்கு வருகிறேன். உலகத்து ஸ்டாம்பையெல்லாம் பட்டியல் போடும் பெரிய கேட்டலாக்கை எழுதியவர்கள் அந்தத் தீவுக்கு அச்சான எல்லாத் தாள்களையும் பார்த்துவிட்டா எழுதினார்கள்? தகட்டில் அடி கொஞ்சம் முன்னாலேயே விழுந்திருக்கலாமே. இளம் ஊதா மை தீரும் சமயத்தில், கடைசியாக அச்சான சில தாள்களில். அப்படியென்றால் உன் கையில் இருப்பது குடைச்சல் இல்லை, கண்டுபிடிப்பு. 'இதுவரை பதிவாகாத வகை' என்று தைரியமாக எழுது. முதலில் கண்டவள் நீ என்று நாளைக்கு எல்லாக் கேட்டலாக்கிலும் வரும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அதிகம் நோண்டாதே. அது சுண்ணாம்பு பூசிய தாள். ஈரம் பட்டால் சாயம் ஓடிவிடும், தாளுக்குள் இருக்கும் நீர்க்குறியைப் பார்க்க விடும் திரவம்கூட வேண்டாம். விவரத்தை எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கு.

உன் ஒழுகும் சித்தப்பா


மார்ச் 13

சித்தப்பா,

நோண்டாதேன்னு சொன்னா நான் நோண்டுவேன்னு உனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் எழுதியிருக்கன்னா உனக்கு எவ்வளவு பயம்னு இப்பத்தான் புரியுது.

மொதல்ல நீ சொன்ன மாதிரிதான் பண்ணேன். "சார், இது புது வகையா இருக்கலாம்"னு முதலாளிகிட்ட போய் நின்னேன். அவருக்குக் கண்ணெல்லாம் பளபளன்னு ஆயிடுச்சு. "அப்படின்னா அட்டையில கண்டுபிடிச்சது நீன்னு உன் பேரையும் போட்டுடலாமா?"ன்னார். என்ன சொல்ல, ஆசையாத்தான் இருந்துச்சு. அந்த அட்டைய எடுத்துட்டு நேரா அப்பா முன்னாடி போய் நிக்கற மாதிரி மனசுல படமே ஓடிடுச்சு. அப்படியே எழுத உக்காந்துட்டேன். பாதி வரி எழுதினதும் கை அரிச்சுது.

ஸ்டாம்ப ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சேன். சுண்ணாம்புப் பூச்சு ராஜா மூஞ்சி முழுக்க மினுங்குது. கிரீடத்தோட அந்த நுனியில மட்டும் மினுக்கே இல்ல. பவுடர் போட்ட கன்னத்துல ஒரு சொட்டுத் தண்ணி பட்டா எப்படித் திட்டா நிக்கும், அப்படி. லென்ஸ வெச்சா, பேப்பர் நாரு பூனை முதுகு மாதிரி சிலிர்த்துட்டு நிக்குது. தகட்டுல உடையல சித்தப்பா. கத்தியால சுரண்டியிருக்கு. என்னமா சுரண்டியிருக்கு! இந்த ஊர்ல அவ்வளவு பூப்போல கத்தி பிடிக்கறவங்க யாரு இருக்கான்னு யோசிச்சேன். யோசிச்சதும் லென்ஸக் கீழ வெச்சிட்டேன்.

சரி, ஊர் உலகத்துல கத்திக்கா பஞ்சம்னு என்னையே சமாதானப்படுத்திக்கிட்டு ஸ்டாம்பத் திருப்பிப் பாத்தேன். பின்னாடி, கீழ் மூலையில, பென்சில்ல எழுதி ரப்பர் போட்டு அழிச்ச தடம். கரி போயிடுச்சு, பள்ளம் போகல. மூணுன்னு ஒரு எண். மண்டை தட்டையா, காலு சுழிச்சு. அது என் கையெழுத்து.

போன லீவுக்கு உன் ரூமுக்கு வந்தப்போ என்ன உக்கார வெச்சு ஸ்டாம்ப் பிரிக்கச் சொன்னியே, ஞாபகம் இருக்கா? வெளிய மழை, ஜன்னல் சாத்தியிருந்துச்சு, மஞ்ச பல்பு எரிஞ்சுது. மஞ்ச பல்புல ஊதாவப் பிரிக்கற அவசரக்குடுக்கை உலகத்துலயே நான் ஒருத்திதான். செவ்வூதான்னு நெனைச்சதுக்கெல்லாம் பின்னாடி மூணு போட்டு ஒரு குவியலா வெச்சேன். அதுல ஒரு இளம் ஊதா தப்பா மாட்டியிருக்கு. நீ கலரப் பகல்ல சரிபாக்காம எதுலயும் கை வைக்க மாட்ட. நான் பிரிச்சதுங்கறதால பாக்கல. என்ன அவ்வளவு நம்பியிருக்க. இத நெனைச்சா சிரிப்பும் வருது, அழுகையும் வருது.

டாக்டரம்மாகிட்ட யாரு வித்தாங்கன்னு கேட்டேன். "தங்கமான மனுஷர்மா, பேரச் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டார், கூச்ச சுபாவம்"னாங்க. அந்த ஸ்டாம்ப ரெண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவுல வெச்சு, கைக்குட்டையில சுத்தி, பச்சப்புள்ளையத் தூக்கற மாதிரி தூக்கிட்டு வர்றாங்க சித்தப்பா. பாக்கவே சங்கடமா இருக்கு.

அந்தத் தங்கமான மனுஷன் நீ இல்லன்னு ஒரே ஒரு வரி எழுது. நான் நம்பறேன். கையெழுத்தாவது மண்ணாவதுன்னு தூக்கிப் போட்டுட்டு நம்பறேன்.

நீதான்னா, இந்தக் கடுதாசியக் கையில வெச்சுக்கிட்டே கெளம்பு. டாக்டரம்மா வீட்டுக்குப் போய் உன் வாயால சொல்லிட்டு, ஸ்டாம்ப வாங்கிட்டு வந்துடு. நீ சொன்னா அது உன் பேச்சு. நான் சொன்னா அது ரிப்போர்ட். முதலாளிகிட்ட "இன்னும் பாக்கணும் சார்"னு இழுத்து வெச்சிருக்கேன். ரொம்ப நாள் இழுக்க முடியாது.

உன்ன விட்டா எனக்கு நம்ம குடும்பத்துல யாரு இருக்கா? அது தெரிஞ்சுதான் எழுதறேன்.

வாயாடி


மார்ச் 18

அன்பு மகளே,

அண்ணன் பெண் என்றால் எனக்கும் மகள்தான். ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை, நீயும் கூப்பிடவிட்டதில்லை. இன்று கூப்பிடுகிறேன்.

நீ கேட்ட அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தேன். வரவில்லை.

நான் என்ன தொழில் செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். ஓட்டை விழுந்த ஸ்டாம்புக்கு ஓட்டையை அடைக்கிறேன். பல் உடைந்ததற்குப் பல் ஒட்டுகிறேன். கொடுத்தவர் வாங்கிக்கொண்டு போய், அது அப்படியே பிறந்ததுபோல விற்கிறார். என்னை யாரும் திட்டியதில்லை, யாரும் பாராட்டியதுமில்லை. என் வேலை நன்றாக இருந்தால் அது கண்ணில் படாது, அவ்வளவுதான். ஒருநாள் கத்தியை எடுத்து ஒரு கிரீடத்தின் நுனியைத் தொட்டேன். ஒரு துளி அகலம்கூட இல்லை. டாக்டரம்மா அதைப் பார்த்தபோது அவர்கள் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? அந்தச் சந்தோஷமும் போலியா, சொல்.

போய்ச் சொல்லிவிடு என்று எழுதியிருக்கிறாய். உனக்கு எல்லாம் சுலபம். பிடிக்கவில்லையா, காலேஜை விட்டுவிடு. தப்பா, போய்ச் சொல்லிவிடு. நான் சொன்ன மறுநாள் அருங்காட்சியகக் கதவு மூடிவிடும். அதற்குப் பிறகு எனக்குப் பல் ஒட்டும் வேலைகூட யாரும் தரமாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. ஸ்டாம்பை உங்கள் இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னதே நான்தான். வேறு எங்கேயாவது போனால் யார் கையில் சிக்குமோ என்று பயம். அங்கே நம் பெண் இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன். உனக்கு இதுவரை சொன்னதில்லை, உன்னை அங்கே சேர்த்துக்கொள்ளச் சொல்லி உன் முதலாளி முன்னால் போய் நின்றவன் நான், அன்றைக்கே எனக்கு மனசில் ஒரு தெம்பு வந்துவிட்டது, நமக்கென்று உள்ளே ஒரு கண் இருக்கிறதென்று. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. குடும்பம் என்றால் அதுதானே.

அட்டைப் படம் வேண்டாம். உள்ளே ஒரு மூலையில், சின்னதாக, 'கிரீடத்தில் குறை' என்று மட்டும் எழுது. பொய்யில்லையே, குறைதானே? யாராவது வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வார். இந்த ஒரு தடவை மட்டும். இனிமேல் கத்தியைத் தொட்டால் என்னை ஏனென்று கேள்.

நீ படிப்பை விட்டுவிட்டுப் பையோடு வந்து நின்ற அன்று, கதவைத் திறந்தது யார்? சொல்லிக் காட்டவில்லை. நினைத்துப் பார் என்று மட்டும் சொல்கிறேன்.

படித்ததும் இதைக் கிழித்துவிடு.

உன் சித்தப்பா


மார்ச் 24

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: 'உடைந்த கிரீடம்' எனத் தங்களால் விற்கப்பட்ட தபால்தலை

மேற்கண்ட தபால்தலை எங்கள் ஏலத்துக்காக அதன் உரிமையாளரால் ஒப்படைக்கப்பட்டு, எங்கள் அலுவலகத்திலும் வெளி நிபுணர் ஒருவராலும் பரிசீலிக்கப்பட்டது. கிரீடத்தின் இடது நுனி அச்சில் உடைந்ததன்று. கூரிய கருவியால் பின்னர் சுரண்டி நீக்கப்பட்டது. அவ்விடத்தில் தாளின் பூச்சு இல்லை. தபால்தலையின் நிறமும், தகடு சேதமடைவதற்கு முந்தைய அச்சடிப்பைச் சேர்ந்தது. பின்புறம் அழிக்கப்பட்டுள்ள பென்சில் எண், தங்கள் அறையில் தாம் இட்டதே என எங்கள் விவரக் குறிப்பாளர் தாமாக முன்வந்து எழுத்து மூலம் தெரிவித்துள்ளார். தபால்தலையைத் தங்களிடமிருந்தே பெற்றதாக உரிமையாளரும், முடிவு அவருக்குத் தெரிவிக்கப்பட்ட பின்னர், உறுதி செய்துள்ளார்.

இத்தபால்தலை ஏலத்திலிருந்து நீக்கப்பட்டுள்ளது. அருங்காட்சியகத்துக்கு அளிப்பதாக இருந்த பரிந்துரையை எங்களால் வழங்க இயலாது என்பதையும் வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

அதே குவியலைச் சேர்ந்த எஞ்சிய தபால்தலைகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு, வரும் திங்கட்கிழமை காலை எங்கள் அலுவலகத்துக்குத் தாங்கள் நேரில் வருமாறு கேட்டுக்கொள்கிறோம். தபால்தலையின் உரிமையாளரும் உடனிருப்பார்.

இப்படிக்கு,
உரிமையாளர், ஏல நிறுவனம்


சித்தப்பா, இனி கீழ இருக்கறது என் கையெழுத்து.

மேல இருக்கறத டைப் பண்ணதும் நான்தான். "சொந்தக்காரங்கன்னா நீ ஒதுங்கிக்கோம்மா, வேற யாராவது அடிக்கட்டும்"னார் முதலாளி. முடிவு என்னுது இல்ல, அவரும் அந்த வெளி நிபுணரும் பாத்து எடுத்தது. ஆனா டைப் பண்றத நான் கேட்டு வாங்கிக்கிட்டேன். எவனோ ஒருத்தன் உக்காந்து உன்ன 'தாங்கள்'னு அடிக்கறத என்னால பாக்க முடியாது.

உன் கடுதாசியக் கிழிக்கல. யாருகிட்டயும் காட்டவும் இல்ல. ஸ்டாம்புலயே எல்லாம் இருந்துச்சு, அது தேவைப்படல.

டாக்டரம்மா அழல. அழுதிருந்தா தேவல. கண்ணாடித் துண்டு ரெண்டையும் தொடச்சு மேஜைல வெச்சிட்டு, "இதுல வேற ஏதாவது வெச்சுக்கோம்மா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அவங்க முகம் மலர்ந்துது, அது போலியான்னு கேட்டியே. நீ வந்து அந்த முகத்தப் பாத்து, நீயே பதில் சொல்லு.

அட்டைக்கு வேற ஸ்டாம்ப் போட்டாச்சு, ஏதோ கப்பல் படம். விவரம் நான் எழுதல. என்ன வேலைல வெச்சுக்குவாங்களான்னு இன்னும் யாரும் சொல்லல, நானும் கேக்கல. உன் தயவுல வந்த நாற்காலின்னு தெரிஞ்சதுல இருந்து அதுல முழுசா உக்கார முடியல.

அன்னிக்குக் கதவத் தெறந்தது நீதான். எத்தன தடவ வேணா சொல்லிக் காட்டு, நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். 'டேய்'னு கூப்பிட்டப்போ நீ எனக்கு எல்லாமா இருந்த. மகளேன்னு கூப்பிட்ட அன்னிக்குத்தான் பொய் எழுதுன்னு சொன்ன.

திங்கக்கிழமை வா. வராம மட்டும் இருந்துடாத. நானும் அந்த ரூம்லதான் இருப்பேன்.

உனக்கு எதிர்ப் பக்கத்துல.