லோயர் கேம்ப் ஏற்றம்

அண்ணே,

இன்று பள்ளி விட்டு வரும்போது கடைவாசலில் ஒரு சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ரப்பர் கரைசலின் நெடி மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. பந்தயத்துக்கு முந்தின நாள், வாடகைச் சைக்கிளின் டியூபைத் தண்ணீரில் அமுக்கி அமுக்கிப் பார்த்த உன் கையிலும் இதே நெடிதான்.

அப்போதே நமக்குள் பெரிய வழக்கு. வீரபாண்டித் திருவிழாவில் ஒருவர் காலைத் தரையில் ஊன்றாமல் இராப்பகலாகச் சைக்கிளில் வட்டம் சுற்றினார். தூக்கத்தையே வெல்ல வேண்டிய அதுதான் கடினமான பந்தயம் என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "சுத்துறவருக்குச் சோறு ஊட்ட ஆளு, தலையில தண்ணி ஊத்த ஆளு. கஷ்டம் வேற, சுத்தம் வேற, ஆத்தா." பிரான்ஸ் தேசத்தைச் சுற்றும் பந்தயத்தில் வண்டி உடைந்தால்கூட ஓட்டுகிறவரே சரிசெய்ய வேண்டும், பிறர் கை படக்கூடாது என்று பத்திரிகையில் படித்துச் சொன்னவள் நான்தான். அந்த விதியை நீ கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய்.

தேனியிலிருந்து மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரை பந்தயம். ஆனி மாதம், மலையிலிருந்து இறங்கும் காற்று வழி முழுக்க எதிரே. முதற்பரிசு ஒரு புதுச் சைக்கிள். அது கிடைத்தால்தான் என்னை உத்தமபாளையத்துப் பள்ளியில் சேர்ப்பதாக அப்பா சொல்லியிருந்தார். தனியே அனுப்ப அவருக்கு மனமில்லை. நீ நடந்து கொண்டுபோய் விட்டால் வயல்வேலை கெடும்; சைக்கிளென்றால் விட்டுவிட்டுச் சீக்கிரம் திரும்பலாம்.

கூடலூர் தாண்டிய கடைசி ஏற்றத்தில் அப்பாவும் நானும் காத்திருந்தோம். பாரவண்டி மேட்டில் திணறினால் வழியில் நிற்பவர்கள் கேட்காமலே தோள்கொடுத்துத் தள்ளுவது நம் பக்கத்து வழக்கம். சைக்கிளுக்கும் அதையே செய்தார்கள். முதலாவதாக வந்த போடிக்காரரின் முதுகில் நாலைந்து கைகள் விழுந்தன. அவருக்கு ஒரு சக்கரம் பின்னால் நீ. ஒருவர் கையை நீட்டியபடி உன்னிடம் ஓடிவந்தார்.

"தொடாதீக மாமா."

"ஏலே, கை குடுக்க வந்தவன விரட்டுறியே, நீ என்ன வெள்ளக்காரத் தொரையா?"

சுற்றிலும் சிரித்தார்கள். அப்பா பல்லைக் கடித்தார். விதியைப் படித்துக் காட்டிய என் நாக்கே, தள்ளட்டும், தள்ளட்டும் என்று முணுமுணுத்தது. இன்னொரு கை நீண்டது. நீ தலையை மட்டும் அசைத்தாய். போடிக்காரர் ஒரு வண்டி நீளம் முந்திப் போய்ச் சேர்ந்தார். தள்ளியதைப் பந்தயம் நடத்தியவர்கள் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

நீ மூச்சுக்குத் தவித்துக் குனிந்து நின்றாய். அப்பா பக்கத்தில் வந்து, "ஒன் சுத்தத்துல இவ படிப்பு போச்சு" என்றார்.

நீ நிமிர்ந்தாய். "போகாதுப்பா. நான் நடந்து கூட்டிப் போறேன். வேலையும் நிக்காது."

அப்படியே செய்தாய். விடியுமுன் கமலை பூட்டி வயலுக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு என்னோடு கிளம்புவாய். பள்ளியில் விட்டுத் திரும்பி, சாயங்காலம் மறுபடி வருவாய். வேடிக்கை பார்க்க யாரும் இல்லை.

தை மாதத்தில் மலைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. இனிப் பள்ளி இல்லை என்று புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டேன். துக்கம் முடிந்த மறுநாள் காலை அப்பா தோளில் துண்டோடு வாசலில் நின்றார். கிளம்பச் சொன்னார். பள்ளி வரை என்னோடு நடந்தார். வாசலில் நின்று கேட்டார்.

"தெனமும் இம்புட்டுத் தூரமா நடந்தான்?"

"வரும்போது நடக்கும்ப்பா. திரும்பையில அண்ணன் ஓடும். வயலுக்கு நேரமாயிரும்ல."

அப்பா வந்த வழியே திரும்பினார். துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார். கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு, அந்த வயதில், மெல்ல ஓடத் தொடங்கினார்.

யார் கையும் படாத உன் ஓட்டத்தின் முன்னால், எது கடினம், எது சுத்தம் என்ற வழக்கில் நான் தோற்றுவிட்டேன், அண்ணே. அந்தத் தோல்வியோடுதான் தினமும் பள்ளிக்குப் போகிறேன்.