கத்தரிப்பூ நிறத்தில் ஒரு மாடிப்படி

ஜனவரி 12, திங்கள்

இறுதியாண்டுக் குறும்படத்துக்குச் சீட்டு குலுக்கினார்கள். இரண்டிரண்டு பேராக ஜோடி. ஒருவர் பாத்திரத்தை வரைந்து அசைக்க வேண்டும், மற்றவர் அது நடமாடும் இடத்தை வரைய வேண்டும். எனக்குப் பாத்திரம் விழுந்தது. கூடவே விழுந்தவன் சுவர்.

சுவர் என்பது நான் வைத்த பெயர். என்ன கேட்டாலும் பதில் வராது, அதனால். அவன் வரையும் சுவர்கள்தான் வகுப்பிலேயே அழகு என்பது இன்னொரு காரணம். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன்.

எங்களுக்கு வந்த தலைப்பு ‘பாரம்’. ஒரு அம்மாள் தனியாளாகத் தன் பீரோவை நாலாவது மாடிக்கு ஏற்றுகிறாள். மூன்று நிமிடம், வசனம் இல்லை. இது என் யோசனை. அவன், “படி குறுகலா இருக்கணும்” என்றான். மூன்று வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம்.

ஜனவரி 20, செவ்வாய்

நாற்பது படம் வரைந்த பிறகு என் பீரோ அம்மாள் பிறந்துவிட்டாள். குட்டை, அகலம், எதற்கும் அசராத தாடை. மேசையில் உலர வைத்திருந்தேன். தபால் நிலையத்திலிருந்து வந்த அம்மா கைப்பையைக்கூட இறக்காமல் பார்த்தாள்.

“இது யாருடி?”

“கற்பனைம்மா.”

“கற்பனைக்கு என் புருவத் தழும்பு எப்படி வந்துச்சு?”

அகப்பட்டுக்கொண்டேன். கடைசியில் பேரம். இடுப்பைக் குறைத்தால் மாடலாக நடந்து காட்டுவாளாம். இரண்டு மில்லிமீட்டர் குறைத்தேன். வாஷிங் மெஷின் வந்த காலி அட்டைப்பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். அப்பா கைப்பேசியில் படம் பிடித்தார். பாதிப் படத்தில் அவர் கட்டைவிரல்தான் கதாநாயகன். ஒன்பதாவது தடவை அம்மா பெருமூச்செல்லாம் விட ஆரம்பித்தாள்.

“காலிப் பெட்டிக்கு எதுக்கு இவ்வளவு முனகல்?” என்றார் அப்பா.

“நடிப்புங்க. உங்களுக்கு எங்க புரியப்போகுது.”

ஜனவரி 30, வெள்ளி

செவ்வாய்க்கிழமை சுவர் முதல் மாடிப்படியைக் கொடுத்தான். கெட்டியான தாளில் தூரிகையால் தீட்டியது. அவ்வளவு அழகு. அடுத்த நொடிதான் கவனித்தேன். திருப்பம் அவ்வளவு குறுகல், பீரோ எந்தப் பக்கமும் திரும்பாது.

“கொஞ்சம் அகலமாக்கு.”

“பீரோவைத் திருப்பு.”

அவ்வளவுதான். போய்விட்டான். அப்படியா சேதி? பீரோவை ஒற்றைக் காலில் நிற்க வைத்துப் பம்பரமாகச் சுழற்றித் திருப்பினாள் என் பீரோ அம்மாள். மறுநாள் அவன் இரண்டாவது மாடியில் ஒரு விளக்கைச் சரியாக அவள் நெற்றி உயரத்துக்குத் தொங்கவிட்டான். அவள் குனிந்தாள். பீரோ குனியவில்லை. விளக்கு போச்சு. அதற்கு அடுத்த நாள் படியில் ஒரு மிதிவண்டி.

பேச்சு வார்த்தை கிடையாது. ஏட்டிக்குப் போட்டி மட்டும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஒரே ஒரு படியை மட்டும் மற்றதைவிட உயரமாக வரைந்திருக்கிறான், பாவி. என் அம்மாள் தடுக்கி விழுந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லவேளை, அவன் பார்க்கவில்லை.

பிப்ரவரி 11, புதன்

இடைக்கால மதிப்பீடு. எங்களுக்கு வகுப்பெடுக்கும் மேடம் எப்போதும்போல் கழுத்தில் ஸ்டாப்வாட்ச்சைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். முதலில் அவன் படிகள். பதினாலு ஓவியத்தையும் வரிசையாகப் பலகையில் குத்தியிருந்தான். மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “ஏறாமலே மூச்சு வாங்குதுப்பா” என்றார். கைதட்டல்.

அப்புறம் என் அசைவு. ஓடி முடிந்ததும் மேடம் ஸ்டாப்வாட்ச்சை நிறுத்தினார்.

“பீரோவுக்குள்ள என்ன வச்சிருக்கம்மா? காத்தா?”

வகுப்பே சிரித்தது. சிரித்தால் போகட்டும். சுவரும் சிரித்தான். சுவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன், அதுவும் என் செலவில்.

பிப்ரவரி 13, வெள்ளி

ஒரு சின்ன வேலை பார்த்தேன்.

மேடத்தின் கையெழுத்து சுலபம். கோழி கிளறிய மாதிரி இருக்கும். மஞ்சள் ஒட்டுத்தாளில், ‘சாம்பல் நிறம் வேண்டாம். படிக்கட்டு முழுக்கக் கத்தரிப்பூ நிறம். திங்களுக்குள்’ என்று எழுதி அவன் பலகையில் ஒட்டிவிட்டு, எதுவும் தெரியாதவள்போல் பேருந்து பிடித்தேன். வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்ததில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

அதைப் பார்த்து முழிப்பான். மேடத்திடம் ஓடுவான். அவர் ‘நானா?’ என்பார். அவ்வளவுதானே?

பிப்ரவரி 16, திங்கள்

அவ்வளவு இல்லை.

அவன் மேடத்திடம் ஓடவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓவிய அறையில் உட்கார்ந்து பதினாலு ஓவியத்தின் மேலும் கத்தரிப்பூ வண்ணத்தைப் பூசியிருக்கிறான். மேலேயே. ஒன்றையும் நகல் எடுத்து வைக்கவில்லை. ஸ்கேனருக்கு எங்கள் முறை நாளைக்குத்தான்.

கதவில் நின்றபடியே பார்த்தேன். ஊதா, ஊதா, ஊதா. மூன்று வார வேலை. அவன் விரலெல்லாம் ஊதா. சொல்லாமல் இருந்திருக்கலாமோ? இருக்க முடியவில்லை. “அந்தச் சீட்டு... நான்தான் எழுதினேன். விளையாட்டுக்கு.”

கத்துவான் என்று நினைத்தேன். தூரிகையைக் கழுவினான். துணியில் துடைத்தான். பையை மாட்டினான்.

“இனிமே சுவரையும் நீயே வரைஞ்சுக்கோ.”

கத்தியிருக்கலாம்ல? ஏன்டா கத்தல? ஒரு வார்த்தை திட்டியிருந்தா நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்ல...

பிப்ரவரி 19, வியாழன்

மூன்று நாளாக அவன் வரவில்லை. மேடம் கேட்டார். காய்ச்சல் என்று போன் செய்திருக்கிறானாம். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அது இன்னும் மோசம்.

நானே படி வரைந்து பார்த்தேன். அம்மாவிடம் காட்டினேன். தாளை அப்படியும் இப்படியும் திருப்பினாள். “இதுல ஏறினா நேரா ஆஸ்பத்திரிதான்டி.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன பண்ணித் தொலைச்ச?” என்றாள். சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். “பதினாலுமா? பூசிட்டானா?” சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரி. ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுக்குப் போற. போன்ல கேக்குற மன்னிப்பெல்லாம் மன்னிப்பே இல்ல.”

பிப்ரவரி 22, ஞாயிறு

எழுத்து கோணுகிறது. பயத்தால் இல்லை, பாரத்தால். எழுதிவிட வேண்டும்.

அவன் வீடு நாலாவது மாடியில். கீழே சாமான் வண்டி நின்றது. வீடு மாற்றுகிறார்கள்போல. மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டே ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மேலிருந்து ஒரு பீரோ இறங்கி வந்துகொண்டிருந்தது. நிஜ பீரோ. இரும்பு. கதவில் கண்ணாடி.

“கீழ யாரு? சித்த புடிங்க!” அவன் குரல்.

பிடித்தேன். பிடித்த பிறகுதான் என்னைப் பார்த்தான். முகம் மாறியது. ஆனால் கையை விட முடியாதே. அவன் ஒரு மூலை, நான் ஒரு மூலை, மேல்பக்கம் கண்ணுக்குத் தெரியாத யாரோ. மூன்றே படி இறங்கியதும் பீரோ திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

“யாருடா அது?” மேலிருந்து அவன் அக்கா.

“கூடப் படிக்கிறவ.”

“எவ? அந்த ஊதாவா?”

“ம்.”

மேலே ஏதோ படியில் முட்டுக்கொடுக்கும் சத்தம். அப்புறம் அக்கா சொன்னாள்: “சொல்ல வந்ததைச் சொல்லும்மா. நாங்க இப்போதைக்கு எங்கயும் போகப் போறதில்ல.”

என் கன்னம் இரும்பில் ஒட்டியிருந்தது. தலையைத் திருப்பினால் கண்ணாடி. என் முகத்தைப் பார்த்துத்தான் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. மனப்பாடம் செய்ததெல்லாம் பறந்துவிட்டது. “நீ வரைஞ்சது நல்லா இருந்துச்சு. என்னுது நல்லா இல்ல. அதான் அப்படிப் பண்ணேன். தப்புதான்” என்றேன்.

“கேக்கல” என்றான் அவன்.

இன்னொரு தடவை சொன்னேன், சத்தமாக. மூன்றாவது மாடியில் ஒரு கதவு திறந்தது. யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

“எனக்கு முதல் தடவையே கேட்டுச்சு” என்றாள் அக்கா. “டேய், போதும்டா. கை விட்டுப்போகுது.”

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். சிரிப்பை அடக்கத்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. “இடது காலைக் கீழ வை. இடுப்பால தாங்கு, கையால இல்ல. நிக்காத, நின்னா பாரம் ஏறும்.”

கீழே இறக்க முக்கால் மணி நேரம். இறக்கி வைத்த பிறகும் என் கை தானாக மேலே எழும்பிக்கொண்டிருந்தது. பீரோ தூக்குகிறவள் பீரோவை நகர்த்துவதில்லை. முதலில் தன்னை நகர்த்திக்கொள்கிறாள். மூச்சு முன்னால் போகிறது, பீரோ பின்னால் வருகிறது. அட்டைப்பெட்டி இதைச் சொல்லித் தரவே இல்லை.

நாளைக்கே எல்லாவற்றையும் அழித்து வரையப் போகிறேன். ஆனால் நாளைக்கு என் கை பென்சில் பிடிக்குமா?

மார்ச் 4, புதன்

அவன் ஆறு படிகளை மறுபடி சாம்பலில் வரைந்துவிட்டான். நான் வண்ணப்பலகை கழுவினேன், வண்ணம் கலந்தேன், வாயை மூடிக்கொண்டிருந்தேன். (கடைசியது பொய்.) மிச்சம் எட்டு. நாள் ஒன்பது. என் அம்மாளுக்கோ இன்னும் முப்பது நொடி பாக்கி.

எட்டை அப்படியே விட்டுவிடலாம் என்கிறான். “ஊதாவாவா?” “ஊதாவா.” காரணம் கேட்டால் சுவர் ஆகிவிட்டான்.

மார்ச் 13, வெள்ளி

படத்தை ஒப்படைத்தாயிற்று. பாதி மாடி வரை சாம்பல், அதற்கு மேல் மெல்ல மெல்லக் கத்தரிப்பூ. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“ஏன் ஊதா?”

நான் தரையைப் பார்த்தேன். சுவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“மேல ஏற ஏற அந்தம்மாவுக்கு மூச்சு வாங்குது மேடம். கண்ணு இருட்டிக்கிட்டு வரும்ல. அதான்.”

மேடம் தலையாட்டினார். ஆட்டியதோடு நிற்காமல் குறிப்பேட்டில் எழுதினார்! நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே ஓடி, தாழ்வாரத்தில் உட்கார்ந்து சிரித்தேன். கொஞ்சம் அழவும் செய்தேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 28, சனி

திரையிடல். அம்மா முன்வரிசையில். திரையில் பீரோ அம்மாள் மூன்றாவது மாடியில் பீரோவைச் சாய்த்துவிட்டு அதன்மேலேயே உட்காரும் இடத்தில் அரங்கமே சிரித்தது. அதற்கடுத்து அவள் எழுந்து முதுகைக் கொடுத்தபோது யாரும் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். நிஜமாகவே கேட்டது.

முடிந்ததும் ஒரு கார்ட்டூன் ஸ்டுடியோக்காரர் வந்து, “அந்த ஊதா யாரோட யோசனை?” என்றார்.

சுவர் என்னைக் காட்டினான். யோசித்துப் பார்த்தால் பொய் இல்லைதான். நான் அவனைக் காட்டினேன். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவனிடம் முகவரி அட்டையைக் கொடுத்தார்.

அம்மா வழியெல்லாம் ஒரே குறை. “இடுப்பைக் குறைக்கவே இல்ல நீ.”

ஏப்ரல் 9, வியாழன்

அந்த ஸ்டுடியோவில் அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. எனக்கு இல்லை. சந்தோஷம். மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது தடவை கொஞ்சம் உண்மையாக இருந்தது.

ஆகஸ்ட் 12, புதன்

நான் வரைந்து அசைத்த கடைவாய்ப்பல் இன்று முதல் ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் ஓடுகிறது. ஒன்றரை நிமிடம். “பல்லு சிரிக்கணும், ஆனா பல்லுக்குப் பல்லு இருக்கக் கூடாது” என்பது டாக்டரின் ஒரே நிபந்தனை. வாயின் உட்புறத்தை ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சுவர் தீட்டிக் கொடுத்தான். மேல்வாயை வேண்டுமென்றே தாழ்வாக வைத்தான். என் பல் படம் முழுக்கத் தலையில் இடித்துக்கொள்கிறது.

ஒன்றும் தெரியாதவள்போல் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். கன்னம் வீங்கிய ஒரு சின்னப் பெண் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல் முதல் தடவை இடித்தது. அவள் உதடு சிரிப்பில் இழுபட்டது. இரண்டாவது தடவை கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “அம்மா, வலிக்குது, அதை இடிச்சுக்க வேணாம்னு சொல்லும்மா” என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

வரவேற்பில் இருந்த பெண் என்னிடம் வந்து, “உங்களுக்கு எந்தப் பல்?” என்றாள்.

எல்லாப் பல்லும் நன்றாகத்தான் இருக்கிறது. “கடைவாய்” என்று சொல்லி டோக்கன் வாங்கிக்கொண்டேன். எனக்கு முன்னால் பதினோரு பேர்.