நீ போகாத ஊர்கள்

அண்ணே,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்கு வெட்கமான இடத்தையும் விட்டுவிட மாட்டேன்.

இன்றைக்கு வகுப்பில் தென்னிந்தியப் படம் வரையச் சொன்னார்கள். பக்கத்துப் பிள்ளை சிவப்புப் பென்சில் சீவினாள். அந்தச் சீவலின் வாசனை வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. திருச்சிக்கு ஒரு புள்ளி வைத்தேன். மணி அடிக்கும் வரை அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ திருச்சிக்குப் படிக்கப் போனபோது நான் ஆறாம் வகுப்பு. நம் தேயிலைத் தோட்டத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவுக்கு ஒரேயடியாகப் போயிருக்கின்றன. படித்துவிட்டுத் திரும்பி வருவதற்காகப் போனவன் நீ ஒருவன்தான். காலைப் பெரட்டில் ஆட்களைப் பிரித்து அனுப்பும் நேரத்தில்கூட அப்பா அதைச் சொல்லாமல் இருந்ததில்லை.

உன் நீலக் கடிதங்களை நான்தான் சத்தமாக வாசிப்பேன். ஹாஸ்டலில் வாளியோடு வரிசையில் நிற்பது, சாம்பாரில் காய் தேடுவது, துவைத்த சட்டை மாறிப்போவது எல்லாம் எழுதுவாய். “சிலோன்ல ரேடியோ மட்டும்தான் இருக்குன்னு நெனச்சோம், ஆளுங்களும் இருக்கீங்களாடா?” என்று ரூம் பையன்கள் கேட்டதை வாசித்தபோது அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து சிரித்தார். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் பயணக் கடிதம் வரும். சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பினேன் என்று தஞ்சாவூர், கொடைக்கானல், ராமேஸ்வரம் என வரிசையாக எழுதினாய். “கொடைக்கானலில் மேகம் காலுக்குக் கீழே போகிறது. ஆனால் கொழுந்து வாசனை இல்லாத மலை என்ன மலை” என்று எழுதியதை அப்பா மூன்று தரம் வாசிக்கச் சொன்னார்.

நான் பழைய கலண்டரின் பின்பக்கத்தில் படம் வரைந்து, சோற்றுப் பசையால் சுவரில் ஒட்டினேன். நீ போன ஒவ்வோர் ஊருக்கும் திருச்சியிலிருந்து சிவப்புக் கோடு, கோட்டின் நுனியில் அம்புக்குறி, பக்கத்தில் திகதி. மலைக்கு முக்கோணம், நீ தங்கின இடத்துக்கு வட்டம். வீட்டுக்கு வருகிறவர்களை அப்பா முதலில் அந்தச் சுவருக்குத்தான் கூட்டிப்போவார்.

ராமேஸ்வரத்தில் சனிக்கிழமை பொழுது சாய்வதைப் பார்த்ததாக எழுதியிருந்தாய். கடிதத்தில் திருச்சித் தபால் முத்திரை. அதுவும் அதே சனிக்கிழமை. நான் யாரிடமும் சொல்லாமல் உன்னிடமே கேட்டு எழுதினேன். பதில் பள்ளிக்கூட விலாசத்துக்கு வந்தது. உறைக்குள் ஓர் ஆஸ்பத்திரி அட்டை. முன்பக்கம் ஆங்கிலத்தில் உன் பெயர், முத்திரை, திகதிகள். பின்பக்கத்தில் உன் கையெழுத்து.

“கண்டுபிடித்துவிட்டாய். நான் எங்கேயும் போகவில்லை. சனிக்கிழமை ரத்தம் ஏற்றுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை விட்டுவிடுகிறார்கள். பையன்கள் போய்வந்து சொல்வதைத்தான் எழுதுகிறேன். வீட்டில் சொல்லாதே. சொன்னால் உன்னோடு பேசவே மாட்டேன்.”

அட்டையைக் கொம்பாஸ் பெட்டியின் அடியில் வைத்தேன். அதற்குப் பிறகும் உன் கடிதங்கள் வந்தன. பொய் என்று தெரிந்தே, அடிமட்டம் வைத்து நேராகக் கோடு போட்டேன்.

வடக்கில் எங்கோ குண்டு வெடித்ததாக ரேடியோவில் சொன்ன மறுநாள் காலையில் லயத்து வீடுகளுக்குப் பொலிஸ் வந்தது. ஒவ்வொரு காம்பராவாகப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள் நம் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். “மே மொகத்த?” என்று ஒருவர் சிங்களத்தில் கேட்டார். இது என்ன? ராமேஸ்வரத்துக்கு நான் போட்ட அம்பு கடலுக்கு இந்தப் பக்கத்து மன்னாரைப் பார்த்துக்கொண்டிருந்தது. படத்தை உரித்தபோது சுவர்ச் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. வேலைத்தலத்திலிருந்து அப்பாவை அப்படியே ஜீப்பில் ஏற்றினார்கள்.

அம்மாவும், பள்ளிக்கூடப் பையோடு நானும் மாத்தளைக்கு பஸ்ஸில் போனோம். தம்புள்ளை மரக்கறி லொறி ஒன்றை முந்த முடியாமல் பஸ் ஊர்ந்தது. பொலிஸ் ஸ்டேஷனில் அன்றைக்குத் தமிழ் தெரிந்தவர் இல்லை. இன்ஸ்பெக்டர் என் யூனிபோர்மைப் பார்த்துவிட்டுச் சிங்களம் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அப்பாவை மர வாங்கில் உட்கார வைத்திருந்தார்கள். நான் நடுவில் நின்றேன்.

“மகன் சனி ஞாயிறு என்ன செய்கிறான்?” என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார்.

நான் தமிழில் கேட்டதும், அந்த இடத்திலும் அப்பாவின் முகம் மலர்ந்தது. “ஊர் பாக்கப் போவான் மாத்தயா. ராமேஸ்வரம் போனான். கடல்ல நின்னு பாத்தா அந்தப் பக்கம் நம்ம நாடுதானாம். சொல்லு புள்ள, மாத்தயாகிட்ட.”

நான் ராமேஸ்வரத்தை விழுங்கிவிட்டு, ஊர் பார்க்கப் போவார் என்று மட்டும் சொன்னேன்.

“அவர் அவ்வளவு நேரம் பேசினார். நீ இரண்டு சொல்தான் சொல்கிறாய்” என்றார் இன்ஸ்பெக்டர். படத்தை மேசையில் விரித்தார். “இந்த முக்கோணம்?”

“மலை.”

“பயிற்சி முகாம் கூடாரம் மாதிரி இருக்கிறது. வட்டம்?”

“அண்ணன் தங்கின இடம்.”

“யாரோடு தங்கினான்?”

“எல்லாம் அவன் கூட்டாளிங்கதான்” என்றார் அப்பா. “நல்ல பயலுங்க. எங்க போனாலும் ஒண்ணாத்தான் போவானுங்க.” அப்பா பெருமையாகச் சொன்ன ஒவ்வொன்றும் அவர் கழுத்துக்குக் கயிறாகிக்கொண்டிருந்தது. நான்தான் அதைச் சிங்களமாக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். நாலு மணி ஜீப்பில் கொழும்புக்கு அனுப்புகிறேன், அங்கே விசாரிப்பார்கள் என்றார் இன்ஸ்பெக்டர். கொழும்புக்குப் போனவர்கள் திரும்பி வராத கதை நம் தோட்டத்திலேயே உண்டு. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றரை.

அண்ணே, நான் கொம்பாஸ் பெட்டியைத் திறந்தேன்.

“அண்ணன் எங்கேயும் போகவில்லை, சேர். இந்தக் கோடுகள் எல்லாம் பொய்” என்று சிங்களத்தில் சொன்னேன். அப்பாவுக்கு விளங்காது என்றுதான் நினைத்தேன். இன்ஸ்பெக்டர் அட்டையின் ஆங்கிலத்தை வாசித்தார். பிறகு படத்தில் ஒரு விரல், அட்டையில் ஒரு விரல் வைத்து, திகதி திகதியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. இலக்கம் தெரியும். எழுந்து வந்து மேசையருகே நின்று, அந்த இரண்டு விரல்களையும் பார்த்தார். கொடைக்கானல் பன்னிரண்டு, அட்டையிலும் பன்னிரண்டு. ராமேஸ்வரம் இருபத்தாறு, அட்டையிலும் இருபத்தாறு.

“இது ஆஸ்பத்திரித் துண்டா புள்ள?”

“ஆமாப்பா.”

“யாருக்கு?”

அம்மா “என் புள்ளைக்கு என்ன?” என்று கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டர் அட்டையைத் திருப்பித் தந்தார். படத்தைத் தர முடியாது, அப்பாவைக் கூட்டிப் போகலாம் என்றார்.

பஸ் நிலையத்தில் அப்பா, “எத்தன நாளா உனக்குத் தெரியும்?” என்று கேட்டார். நாலு மாதம் என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். ஆனால் அவர் சொன்னார், “நமக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேணாம். நாம சந்தோசமா இருக்கோம்னு நெனச்சுத்தான் அங்க படுத்துக் கெடக்கான். அதையும் புடுங்கிறாத.”

அதனால் நாங்கள் மூவரும் ஒன்றும் தெரியாதவர்களாக உனக்கு எழுதினோம். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஆனால் அப்பாவுக்கு நடிக்கத் தெரியவில்லை. ஊரைப் பற்றிக் கேட்க மறந்து, தூங்கினாயா, சோறு இறங்குகிறதா என்றே கேட்டார். நீ எனக்குத் தனியாக ஒரு துண்டுக் கடிதம் அனுப்பினாய். “அப்பா ஏன் இப்படிக் கேட்கிறார்? நீ சொல்லிவிட்டாயா?”

“இல்லை. சத்தியமாகச் சொல்லவில்லை” என்று பதில் எழுதினேன். பதினெட்டாம் நாள், நீ இல்லை என்று தந்தி வந்தது.

உன் ரூம் பையன் பிறகு எழுதியிருந்தான். என் கடிதம் வந்து சேர்ந்ததாம். கட்டிலில் சாய்ந்தபடி படித்துவிட்டுச் சிரித்தாயாம். நம்பிச் சிரித்தாயா, நம்பாமல் சிரித்தாயா என்று அவன் எழுதவில்லை. நாள் முழுவதும் எனக்குள் கிடப்பது அந்தச் சிரிப்புத்தான். சில நாள் அது என்னை மன்னித்தது மாதிரி இருக்கிறது, சில நாள் நான் உன்னை ஏமாற்றி அனுப்பியது மாதிரி இருக்கிறது.

சொன்னேன், அண்ணே. மூன்று பொலிஸ்காரர்களுக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் முன்னால் சொன்னேன். அப்பா வீட்டில் இருக்கிறார். இனி நீ என்னோடு பேசாமல் இருக்கலாம்.

விடியப் பெரட்டுக்குப் போக வேண்டும் என்று அப்பா விளக்கை அணைத்துவிட்டார். கடைசி வரிகள் கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.