மரம் விழாத காலை

அன்பு மகளே,

காட்டை வெட்டி நெடுஞ்சாலை போடக் கோர்ட் தடை விதித்துவிட்டது. ரேடியோவில் கேட்டதும் உன் அம்மா அழுதாள். பிறகு உருளைக்கிழங்கு சூப்பை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டாள். மரங்களை வெட்டவிடாமல் தடுக்க நீ மரத்தின் மேல் கட்டிய அந்த வீட்டுக்குப் போனதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிட்டதே இல்லை.

நேற்று காலை மரம் வெட்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு நானும் அங்கே வந்திருந்தேன். மேலே எல்லோரும் முகத்தை மூடியிருந்தீர்கள். அதில் நீ யாரென்று பெற்றவனுக்கே தெரியவில்லை. மேஸ்திரி டெட்லெஃப் பக்கத்தில் வந்தான்.

"உன் பொண்ணு எந்த மரத்துல இருக்கான்னு சொல்லுப்பா. அந்தப் பக்கம் போகாம வெட்டிக்கலாம்."

"தெரியலையே."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"எல்லா மரத்துலயும் அவதான் இருக்கான்னு வச்சுக்க" என்று சொல்லி, இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கினேன். அதற்குப் பிறகு அவன் கத்தியது மேலே உனக்கும் கேட்டிருக்கும். தீர்ப்பு மத்தியானம்தான் வந்தது.

அந்தச் சாலை வேண்டும் என்றுதான் நான் இன்னமும் நினைக்கிறேன். அதைப் பற்றி வீட்டுக்கு வந்து சண்டை போடு, கேட்டுக்கொள்கிறேன்.

ரயிலில் வா, ஸ்டேஷனில் நிற்கிறேன். காரை எதிர்பார்க்காதே. அது கம்பெனியுடையது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். பேசிக்கொண்டே நடந்து வரலாம். எனக்கு இப்போது அவசரம் ஒன்றும் இல்லை.

நேற்றிரவு நன்றாகத் தூங்கிய,
உன் அப்பா