வீக்கம் கையில், மூச்சு வயிற்றில்

ஓகஸ்ட் 19, செவ்வாய்
வெயில். காற்றே இல்லை. காலை கிளினிக். மார்பில் சத்திரசிகிச்சை செய்த பக்கத்துக் கை இன்னும் வீக்கம். பயிற்சி சொல்லித்தரும் பிள்ளை வயிற்றால் ஆழமாக மூச்சு எடுக்கச் சொன்னாள். வீக்கம் கையில், வேலை வயிற்றிலா? நிணநீருக்கு இதயம் போல ஒரு பம்ப் இல்லையாம். வயிற்று மூச்சு நடு உடம்பில் அதைத் தள்ளிவிட்டால், கையில் தேங்கினதுக்கு இடம் வருமாம். தேர் அன்று கோயில் ஒழுங்கையில் சனம் நெருக்கி நிற்கிற மாதிரி: முன்னால் நிற்பவர் நகர்ந்தால்தான் பின்னால் நிற்பவருக்கு வழி. அப்படியாக்கும்.
"ரீச்சர், தோள்தான் ஏறுது. வயிறு அசையேல்லை."
வாங்க: தேசிக்காய், சவர்க்காரம்.

ஓகஸ்ட் 21, வியாழன்
இவர் பேப்பருக்கு மேலால் பார்த்தார். "என்ன, பள்ளிக்கூட ட்ரில்லோ? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிக்கிறீர்."
கட்டிலில், வீட்டில் போடும் சோட்டிச் சட்டையோடு செய்தால் வயிறு எழும்புகிறது. சேலையோடு கதிரையில் இருந்தால் இல்லை. ஒரே வயிறுதானே?
கை காலையில் வற்றின மாதிரி. பின்னேரம் பழையபடி. மூச்சாலா, டொக்டர் தந்த இறுக்கமான கை உறையாலா, தலையணையில் உயர்த்தி வைத்ததாலா? எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்துவிட்டு எதனால் என்று கேட்டால்? வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிப் பரிசோதனை செய்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு
தம்பி மனைவி வதனி, பனங்காய்ப் பணியாரத்தோடு. அடுத்த ஞாயிறு அவள் மகளுக்குக் கலியாணம். வாசலில் மாப்பிள்ளைக்குத் தட்டுச் சுற்றி ஆலாத்தி எடுப்பது நானும் வதனியின் அக்காவும் என்றுதான் பேச்சு.
"கை பாரமெண்டால் கஷ்டப்படாதேங்கோ மச்சாள். வேற ஆளைப் பிடிப்பம்."
கைக்காகச் சொன்னாளா? இந்தப் புற்றுநோய் வருத்தம் வந்தவள் மங்கலத் தட்டைத் தொடுவதா என்று யாரும் கதைத்தார்களா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பணியாரம் நல்ல பதம். நான் கேட்கவில்லை.

ஓகஸ்ட் 26, செவ்வாய்
கிளினிக். பிள்ளை சிரித்தாள்.
"ரீச்சர், உள்பாவாடை நாடாவை என்ன இறுக்கு இறுக்கியிருக்கிறியள்! வயிறு எங்கை போறது?"
வகுப்பில் சேலை நழுவாமலிருக்கப் பழகிய முடிச்சு. தளர்த்தினேன். அசைந்தது!
மூச்சு மட்டும் காணாதாம், உறையையும் விடக்கூடாதாம். தட்டுத் தூக்கலாமா?
"பாரமில்லாததெண்டால் தூக்குங்கோ. கை களைச்சால் நிப்பாட்டுங்கோ."
வதனிக்குப் போன். "ஆலாத்தி நானே எடுக்கிறன். ஆருக்கும் மறுப்போ?"
முதலில் பந்தல்காரர் பிந்துகிற கதை. பிறகு, "சின்னத் தட்டா வாங்கிறன் மச்சாள்."
இடையில் பந்தல் கதை எதற்கு? விளங்கவில்லை.

ஓகஸ்ட் 31, ஞாயிறு
விடிய லேசான தூறல். ரவிக்கைக் கை உறைக்கு மேல் ஏறவில்லை. தையலைப் பிரித்துப் போட்டேன்.
வாசலில் மாப்பிள்ளை. தட்டின் மறுபக்கம் வதனியின் அக்கா. சுற்றும்போது பாதியில் கை கனத்தது. நின்றேன். கண்ணை மூடி, ஆழமாக. என் பக்கத் தட்டின் அடியில் இன்னொரு கை வந்தது. வதனி.
"அழுறியளோ மச்சாள்?"
"இல்லை. மூச்சு எடுக்கிறன்."
நாடாவைத் தளர்த்தித்தான் கட்டியிருந்தேன். வயிறு அசைந்தது.